கடற்கரைப் பந்தயமும் உடம்புச் சூடும்

இம்முறை சுகாதாரப் பகுதியில் காய்ச்சல், இருமல் பற்றி எழுதப் போவதில்லை. ஒரு விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். "விளையாட்டுக்கும் டிரசருக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். கடைசி வரை படியுங்கள். சம்பந்தம் இருக்கிறது. பந்தயத்துக்கே போகாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

சில வாரங்களுக்கு முன் லயத்து அக்கா ஒருவர் பிரஷர் மாத்திரை வாங்க டிஸ்பென்சரிக்கு வந்தார். மாத்திரையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றார். என்ன அக்கா என்று கேட்டேன்.

"டிரசர் ஐயா, எம் மவன் போர்ட்டிக்சன்ல என்னமோ ஒரு பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கான். கடல்ல நீஞ்சணுமாம், அப்புறம் சைக்கிளாம், அப்புறம் ஓட்டமாம். ஒண்ணு முடிஞ்ச கையோட இன்னொண்ணாம். இதெல்லாம் நம்ம ஆளுங்களுக்குத் தேவையா?" என்றார்.

மறுநாள் பையனையும் அழைத்துவரச் சொன்னேன். வயது இருபத்திரண்டு. செம்பனைக் குலை வெட்டுகிறவன். நல்ல தேகக்கட்டு. "தம்பி, பந்தயத்துக்கு என்ன பயிற்சி எடுக்கிறாய்?" என்று கேட்டேன். சிரித்தான். "நான் தினமும் வெயில்லயே கிடக்கிறவன் ஐயா. ஏர்கோன் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் பயிற்சி வேணும். எனக்கு எதுக்கு?" என்றான்.

அவன் சொன்னதில் பாதி உண்மை, பாதி ஆபத்து. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் இந்தக் கட்டுரை.

இந்தப் போட்டி எது?

இதற்கு டிரையத்லான் என்று பெயர். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் ஓய்வில்லாமல் முடிக்க வேண்டும். இப்போது நாம் காணும் உருவில் இது 1974-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியாகோ நகரத்து மிஷன் பே என்னும் கடற்கரையில் தொடங்கியது. 1978-இல் ஹவாய்த் தீவில் மிக நீண்ட தூரப் போட்டி ஒன்றை நடத்தினார்கள். அதில் இறங்கியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாக இடம்பெற்றது. அதே ஆண்டு நம் நாட்டிலும் லங்காவியில் 'அயர்ன்மேன்' என்னும் நெடுந்தூரப் போட்டி நடந்தது. போர்ட்டிக்சன் கடற்கரையிலும் பல ஆண்டுகளாக டிரையத்லான் நடத்தியிருக்கிறார்கள்.

தூரம் போட்டிக்குப் போட்டி மாறும். ஒலிம்பிக் தூரம் என்றால் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். புதியவர்களுக்கு ஏற்றது அதில் பாதி: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இதை ஸ்பிரிண்ட் என்பார்கள். நம் தம்பி பெயர் கொடுத்திருப்பதும் இந்தப் பாதித் தூரத்துக்குத்தான். புதியவர் ஒருவர் இதை முடிக்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். காலை 7.30-க்குக் கடலில் இறங்கினால், ஓடத் தொடங்கும்போது மணி ஒன்பதை நெருங்கிவிடும். அந்த நேரத்தில் நம் வெயில் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

உடம்புக்குள் எரியும் அடுப்பு

பந்தயத்தில் நமக்கு எதிரி பக்கத்தில் ஓடுகிறவன் அல்ல. நம் உடம்புக்குள்ளேயே உண்டாகும் சூடுதான் எதிரி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 300 கலோரி செலவாகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் காலை நகர்த்தும் வேலைக்குப் போகிறது. மீதி 240 கலோரி வெறும் சூடாக உடம்பிலேயே தங்குகிறது. 60 கிலோ உடம்பின் சூட்டை ஒரு டிகிரி உயர்த்த 50 கலோரி போதும். அப்படியானால், அந்தச் சூடு கொஞ்சமும் வெளியேறாமல் போனால் என்ன ஆகும்? 37 டிகிரியில் இருந்த உடம்பு 42 டிகிரியை நெருங்கிவிடும். 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறத் தொடங்கினாலே உயிருக்கு ஆபத்து.

நல்லவேளையாக இறைவன் நமக்கு வியர்வையைக் கொடுத்திருக்கிறான். ஒரு லிட்டர் வியர்வை தோலின் மேல் காயும்போது ஏறக்குறைய 580 கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இதில் முக்கியமான சொல் 'காயும்போது' என்பதுதான். வழிந்து தரையில் சொட்டும் வியர்வை சூட்டை எடுப்பதில்லை. துணி காய்கிற கதையை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்கால ஈரக்காற்றில் துணி எளிதில் காயாது. அதுபோல நம் கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வையும் எளிதில் காயாது. சட்டை பிழிந்தால் தண்ணீர் கொட்டும், உடம்பு மட்டும் தணியாது.

இதனால்தான் வெறும் தெர்மாமீட்டர் கணக்கை நம்பக் கூடாது. ஈரம், வெயில், காற்றுச் சூடு மூன்றையும் சேர்த்து அளக்கும் ஒரு முறை இருக்கிறது. வெயிலில் அளக்கும்போது அந்தக் கணக்கில் பத்தில் ஏழு பங்கு ஈரத்தைக் காட்டும் அளவுக்கே கொடுக்கிறார்கள். பெரிய பந்தயங்களில் இந்த அளவைப் பார்த்துத்தான் தூரத்தைக் குறைப்பதா, போட்டியை நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார்கள். நம் நாட்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதார இலாகா 2016-இல் வேலையிட வெப்பம் பற்றி வெளியிட்ட வழிகாட்டியும் இதே அளவைத்தான் பயன்படுத்துகிறது. பந்தயக்காரனுக்கும் தொழிலாளிக்கும் உடம்பு ஒன்றுதானே!

வெயிலில் வேலை செய்வது மட்டும் போதுமா?

இப்போது தம்பியின் பேச்சுக்கு வருவோம். வெயிலில் வேலை செய்கிறவனின் உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்கும் என்பது உண்மை. பத்து முதல் பதினான்கு நாள் வெயிலில் உழைத்தால் உடம்பு மாறுகிறது. இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வருகிறது. வியர்வையோடு போகும் உப்பு குறைகிறது. அதே வேலைக்கு நெஞ்சுத் துடிப்பு முன்பைவிடக் குறைவாக இருக்கிறது. இது தம்பிக்கு ஏற்கெனவே கிடைத்த சொத்து.

ஆனால் இந்தச் சொத்து நிலையானதல்ல. காய்ச்சலில் படுத்தோ, விடுமுறையில் போயோ சில வாரம் வெயிலில் இறங்காமல் இருந்தால் பெரும்பகுதி போய்விடும். திரும்பவும் முதலிலிருந்து பழக வேண்டும். வெப்பத்தால் வேலையிடத்தில் ஏற்படும் மரணங்கள் பெரும்பாலும் வேலையில் சேர்ந்த முதல் சில நாட்களிலேயே நிகழ்கின்றன. புதிதாக வந்து சேரும் நேப்பாளத் தொழிலாளி ஒருவரை முதல் நாளே முழு வேலைக்கு அனுப்பக் கூடாது என்று நான் மண்டோரிடம் சண்டை போடுவது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. குலை வெட்டுகிறவன் களைத்தால் நிழலில் உட்காருவான், ஒரு வாய் தண்ணீர் குடிப்பான், பேசுவான், பிறகு எழுந்து போவான். உடம்பு கேட்கும்போது ஓய்வு கொடுக்கிறான். பந்தயத்தில் அப்படி இல்லை. பக்கத்தில் ஒருவன் ஓடுகிறான், கரையில் நண்பர்கள் கைதட்டுகிறார்கள், முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது. உடம்பு 'போதும்' என்று சொன்னாலும் மனசு கேட்காது. வெயிலில் விழுகிறவர்களில் பலர் சோம்பேறிகள் அல்லர். விடாப்பிடியான, பலசாலியான இளைஞர்களே. அங்கேதான் தம்பியின் பேச்சில் உள்ள ஆபத்து.

மூன்று மாதப் பயிற்சி

வேலை செய்துகொண்டே பயிற்சி எடுப்பவருக்குக் குறைந்தது மூன்று மாதம் வேண்டும். தோட்ட வேலையே ஒரு பயிற்சிதான் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாள் முழுவதும் குலை வெட்டிவிட்டுச் சாயங்காலம் பத்து கிலோமீட்டர் ஓடினால் உடம்பு தேறாது, தேய்ந்துவிடும். நான் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது இது:

வாரத்தில் இரண்டு நாள் நீச்சல், இரண்டு நாள் ஓட்டம், ஒரு நாள் சைக்கிள். ஞாயிறு காலை சைக்கிளும் ஓட்டமும் சேர்த்து. ஒரு நாள் கண்டிப்பாக ஓய்வு.

முதல் மாதம்: ஓட்டம் இருபது நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம். சைக்கிள் ஒரு மணி நேரம்.

இரண்டாம் மாதம்: ஞாயிறு அன்று சைக்கிளை விட்டு இறங்கிய உடனே பத்து நிமிடம் ஓட வேண்டும். முதல் தடவை கால் இரண்டும் கட்டை போல் இருக்கும். பயப்பட வேண்டாம். நாலைந்து வாரத்தில் பழகிவிடும்.

மூன்றாம் மாதம்: பந்தயத்துக்கு முந்திய மூன்று வாரத்தில், வாரம் மூன்று நாளாவது பந்தயம் நடக்கும் அதே நேரத்தில், காலை ஒன்பது மணி வெயிலில் பயிற்சி செய்ய வேண்டும். வேலை நாளில் வயல்வேலை அதைப் பார்த்துக்கொள்ளும். ஓய்வு நாளில் விட்டுவிடக் கூடாது. கடைசி ஒரு வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, தூக்கத்தைக் கூட்ட வேண்டும்.

சைக்கிளுக்காகக் கடன் வாங்க வேண்டாம். ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கும் சைக்கிள் முதல் பந்தயத்துக்குத் தேவையில்லை. பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும், டயர் தேயாமல் இருக்க வேண்டும், தலைக்கு நல்ல ஹெல்மெட் வேண்டும். அது போதும்.

தண்ணீர்: குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி

எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் வியர்வை மாறும். ஆகவே அவரவரே அளந்து பார்க்க வேண்டும். டிஸ்பென்சரித் தராசு எப்போதும் திறந்தே இருக்கிறது, வந்து பயன்படுத்திக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு முன் ஈரமில்லாத உள்ளாடையோடு எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, உடம்பைத் துடைத்து, திரும்ப எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. இடையில் அரை லிட்டர் குடித்திருந்தால் அதையும் சேர்த்து ஒன்றரை லிட்டர் என்று கணக்கிடுங்கள். தம்பிக்கு ஒரு மணி நேரத்தில் ஒன்றே கால் லிட்டர் போயிற்று. அவனே அசந்துபோனான்.

போன அத்தனையையும் ஓடும்போதே குடித்து நிரப்ப வேண்டியதில்லை. தாகத்துக்கேற்பச் சிறிது சிறிதாகக் குடியுங்கள். ஓடி முடித்தபின் எடை கொஞ்சம் குறைந்திருந்தால் பரவாயில்லை. எடை கூடியிருந்தால் அதுதான் தப்பு. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் இரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையும் எடுக்கும். 2002-ஆம் ஆண்டு அமெரிக்காவின் போஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு உப்பு அளவு குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே அது அதிகம் காணப்பட்டது.

வீட்டிலேயே நல்ல பானம் செய்யலாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டும் தலைதட்டி. வயிற்றுப்போக்குக்கு நாம் கொடுக்கும் அதே கலவைதான். உப்பைக் கூட்டிப் போடாதீர்கள். நம் பாட்டிமார் வெயில் வேலைக்குக் கொடுத்தனுப்பிய உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லதே. கடையில் விற்கும் 100 பிளஸ் போன்றவையும் ஆகும். ஆனால் பிரஷர், நீரிழிவு உள்ளவர்கள் என்னைக் கேட்காமல் இவற்றைத் தினமும் குடிக்கக் கூடாது. இது கடும் உழைப்பு நேரத்துக்கு மட்டும்.

சிறுநீரைப் பார்த்தும் தெரிந்துகொள்ளலாம். வெளிறிய மஞ்சள் என்றால் நல்லது. கெட்டித் தேநீர் நிறத்தில் போனால் உடனே டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.

கடலில் இறங்குமுன்

ஆற்றிலும் ஈயக் குட்டையிலும் நீந்திப் பழகியவர்கள் கடலைச் சாதாரணமாக நினைக்கிறார்கள். கடலில் காலுக்குத் தரை எட்டாது. அலை முகத்தில் அடிக்கும். போகும் திசை தெரியாது. சுற்றிலும் நூறு பேர் கை காலை வீசிக்கொண்டு நீந்துவார்கள். குளிர்நாட்டுப் பந்தயங்களில் போடும் மிதக்கவைக்கும் ரப்பர் உடையை நம் வெதுவெதுப்பான கடலில் அனுமதிப்பதில்லை. போட்டால் சூட்டில் வெந்துபோவோம். ஆகவே சொந்த பலத்தில்தான் மிதக்க வேண்டும்.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லானில் நேர்ந்த மரணங்களையும், இதயம் நின்று காப்பாற்றப்பட்டவர்களையும் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 135. அதில் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பெரும்பாலோர் ஆண்கள், சராசரி வயது நாற்பதுக்கு மேல். ஆகவே நாற்பது தாண்டிய தகப்பன்மார், மகனோடு நாமும் இறங்கிப் பார்ப்போம் என்றால், முதலில் பிரஷர், சர்க்கரை, நெஞ்சு மூன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டு இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு நீரிழிவு இருந்தது. இருப்பது தெரியாமலே பலர் நடமாடுகிறார்கள்.

பயிற்சிக்குத் தனியாக நீந்தாதீர்கள். முதலில் நகராண்மைக் கழக நீச்சல் குளத்தில் 750 மீட்டரை நிற்காமல் நீந்தப் பழகுங்கள். பிறகு துணையோடு, கரையை ஒட்டிக் கடலில் பழகுங்கள். வடிகாலிலும் குட்டையிலும், கை காலில் காயத்தோடு இறங்காதீர்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல், மலாய்க்காரர்கள் 'கென்சிங் திக்குஸ்' என்பார்களே, அது பந்தயக்காரர்களையும் விடாது. 1998-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஏரியில் நடந்த டிரையத்லானுக்குப் பிறகும், 2000-இல் சபாவில் செகாமா ஆற்று வழியாக நடந்த சாகசப் போட்டிக்குப் பிறகும் பலர் அந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள். நீந்திய ஒரு மாதத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், "தண்ணீரில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நம் கடலில் சொறிமீனும் உண்டு. பெட்டி வடிவச் சொறிமீன் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. கொட்டிய இடத்தில் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். அரை நிமிடமாவது வினிகரை ஊற்றுங்கள். மூச்சு முட்டினால் தாமதிக்காமல் 999-ஐ அழையுங்கள்.

யார் அன்று ஓடக் கூடாது?

கடந்த ஒரு வாரத்தில் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தவர், டெங்கியிலிருந்து இப்போதுதான் எழுந்தவர், முதல் நாள் இரவு குடித்தவர், தூக்கம் இல்லாதவர் யாரும் இறங்கக் கூடாது. பெயர்க் கட்டணம் போனால் போகட்டும். பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. தாமாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது. கால்வலிக்கு முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கத்தையும் விடுங்கள். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அவற்றில் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஒருவர் விழுந்தால்

தோழர்களே, இதுவரை எழுதியதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். இதை எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், வேறொரு தோட்டத்தில், பகல் பதினொரு மணிக்கு ஒரு தொழிலாளி வயலில் விழுந்துவிட்டார் என்று ஆள் வந்தது. போய்ப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. சம்பந்தமில்லாமல் ஏதேதோ பேசினார். உடம்பெல்லாம் வியர்வை. வெப்பத் தாக்கம் என்றால் தோல் காய்ந்திருக்கும் என்று படித்திருந்தேன். வியர்வையைப் பார்த்து இது வேறு என்று நினைத்துவிட்டேன். அவசரம் அவசரமாக வேனில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஐம்பது நிமிடப் பாதை. கதவெல்லாம் சாத்திய வேன். வழி நெடுக அவர் உடம்பு வெந்துகொண்டே போயிருக்கிறது. உயிர் பிழைத்தார். ஆனால் பல மாதம் சிறுநீரகச் சிகிச்சையில் கிடந்தார். பழைய வேலைக்குத் திரும்பவே முடியவில்லை. விழுந்த இடத்திலிருந்து நூறு அடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதை நான் பார்த்தேன். அவரை அதில் இறக்கத் தோன்றவில்லை. இன்றும் அந்தத் தொட்டி என் கண்ணில் நிற்கிறது.

உழைப்பால் வரும் வெப்பத் தாக்கத்தில் வியர்வை இருக்கும். வியர்வை இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், மூளை தடுமாறுகிறதா என்று பாருங்கள். உளறுகிறாரா, தள்ளாடுகிறாரா, காரணமில்லாமல் கோபப்படுகிறாரா, பெயர் கேட்டால் விழிக்கிறாரா, மயங்கிவிட்டாரா? வெயிலில் உழைத்தவருக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் வெப்பத் தாக்கம் என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள். கக்கத்தில் வைக்கும் தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டும், அதை நம்பி நிற்காதீர்கள்.

செய்ய வேண்டியது: முதலில் குளிரவை, பிறகு ஏற்று.

ஒருவர் 999-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அவரை நிழலுக்குக் கொண்டுபோய், சட்டை, பூட்ஸ் கழற்றி, கழுத்துவரை தண்ணீரில் இறக்குங்கள். ஐஸ் இருந்தால் போடுங்கள். தொட்டி இல்லையென்றால் தார்ப்பாயை நாலு பேர் நாலு மூலையில் தூக்கிப் பிடித்து, நடுவில் அவரைக் கிடத்தித் தண்ணீரை ஊற்றுங்கள். அதுவும் இல்லையென்றால் ஈரத் துணியால் உடம்பெல்லாம் மூடி, மாற்றி மாற்றி நனைத்து விசிறுங்கள். ஒருவர் பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தலை நீருக்கு மேல் இருக்கும்படி பிடித்துக்கொள்ள வேண்டும். நினைவு சரியாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பனாடோல் கொடுக்காதீர்கள், இந்தச் சூட்டுக்கு அது கேட்காது. நினைவு தெளியும்வரை, அல்லது நடுக்கம் வரும்வரை குளிரவையுங்கள். அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவின் ஃபால்மத் என்னும் கடற்கரை ஊரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதக் கோடையில் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. 18 பந்தயங்களில் 274 பேருக்கு வெப்பத் தாக்கம் ஏற்பட்டது. அத்தனை பேரையும் அங்கேயே குளிர்நீர்த் தொட்டியில் இறக்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. நம் நாட்டிலும் 2023, 2024 ஆண்டுகளின் கடும் வெயிலில் வெப்பத் தாக்க மரணங்கள் நடந்தன. ஆகவே ஒவ்வொரு வயலிலும் தண்ணீர் டிரம் ஒன்றும் தார்ப்பாய் ஒன்றும் இருக்க வேண்டும் என்று அடுத்த கிளைக் கூட்டத்தில் நீங்களே எழுந்து கேளுங்கள். அதிகச் செலவு பிடிக்கும் சாமான் இல்லை.

அக்காவுக்கு என்ன பதில்?

"தேவையா?" என்று கேட்ட அக்காவுக்கு நான் சொன்னது இதுதான்: "தேவைதான் அக்கா. வேலை முடிந்ததும் கடைவாசலில் பீர் போத்தலோடு உட்காருகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன டிரசர் நான். கடலில் நீந்தப் போகிற பிள்ளையை நான் தடுக்க மாட்டேன். ஆனால் முறையோடு போகட்டும். நீங்களும் கூடப் போங்கள். கரையில் நின்று கைதட்டினால் மட்டும் போதாது. அவன் ஓடிவரும்போது முகத்தைப் பாருங்கள். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்களைப் பார்த்துச் சரியாகப் பதில் சொன்னால் ஓடட்டும். சொல்லவில்லையென்றால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்."

இப்போது சனிக்கிழமைதோறும் தம்பி டிஸ்பென்சரிக்கு வந்து எடை பார்த்துவிட்டு ஓடப் போகிறான். திரும்பிவந்து மறுபடியும் எடை பார்க்கிறான். தராசில் தெரிவதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் அவன் அம்மாதான் எழுதிவைக்கிறார். சென்ற வாரம் அவனோடு இன்னும் இரண்டு பையன்களும் ஒரு பெண் பிள்ளையும் வந்தார்கள்.

பந்தயத்துக்குப் போகிறவர்களும், காலைப் பெரட்டுக்குப் போகிறவர்களும் வெட்டி வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ள:

1. பத்து முதல் பதினான்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழகு. நோயில் படுத்து எழுந்தால் திரும்பவும் பழகு.
2. வியர்வையை எடை பார்த்துத் தெரிந்துகொள். தாகத்துக்குக் குடி. எடை கூடும் அளவுக்குக் குடிக்காதே.
3. காய்ச்சல், குடி, தூக்கமின்மை இருந்தால் இறங்காதே.
4. தனியாக நீந்தாதே.
5. உளறினால், தள்ளாடினால் வெப்பத் தாக்கம். முதலில் குளிரவை, பிறகு ஏற்று.

சந்தேகம் இருந்தால் டிஸ்பென்சரிக்கு வாருங்கள். வரும்போது பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வாருங்கள்.